போகிப் புகை மூடினால் ஊர் சூடாகுமா, குளிருமா?

எர்ணாவூர்க்காரன் | ஜனவரி 14, காலை 11:05

வீட்டில் காலையிலிருந்து ஒரு பஞ்சாயத்து. இங்கே கொட்டிவிடுகிறேன், விஷயம் தெரிந்தவர்கள் தீர்த்து வையுங்கள்.

இன்று போகி. நாலரை மணிக்கே தெருவில் பசங்கள் மேளத்தைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஐந்தரைக்கு மொட்டை மாடியில் போய் நின்றால் எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை. பழைய பாய், பிய்ந்த தலையணை, யாரோ ஒரு புண்ணியவான் போட்ட சைக்கிள் டயர் எல்லாம் சேர்ந்த நாற்றம். ஏழேகாலுக்குச் சூரியன் ஆரஞ்சு மிட்டாய் மாதிரி மங்கலாக எட்டிப் பார்த்தது. ஒன்பது மணி வரை வெயில் உறைக்கவே இல்லை. துவைத்துக் காயப்போட்ட துணி இன்னும் ஈரம்.

எட்டாவது படிக்கும் மகள் கேட்கிறாள்: "காற்று மாசு சூட்டைக் கூட்டும்னு புத்தகத்துல இருக்கு. அப்புறம் ஏன்பா இன்னைக்குக் குளிருது?" மாமனார் குறுக்கே வந்து, "புகை போர்வை மாதிரி, சூட்டை வெளியே விடாது" என்கிறார். போர்வை என்றால் கதகதப்பாக அல்லவா இருக்க வேண்டும்? எனக்குப் பதில் தெரியவில்லை, காபி ஆறுகிறது என்று சொல்லி நழுவிவிட்டேன்.

இன்னொன்று. எங்கள் மாடியிலிருந்து வடக்கே பார்த்தால் அனல்மின் நிலையச் சிம்னிகள் தெரியும். கீழே புகைமூட்டத்தில் கட்டடமே தெரியாதபோது, சிம்னியின் தலைகள் மட்டும் மேலே தெளிவாக, மிதப்பது மாதிரி நின்றன. ஏன் அப்படி?

---

சும்மா_சொல்றேன் | 11:20

மார்கழி கடைசி நாள் குளிராமல் வேறென்ன செய்யும்? இதற்கு ஒரு இழையா?

---

வியாசை வாத்தியார் | 11:52

சும்மா சொல்றவரே, குளிர்காலம் என்பது ஒரு காரணம், ஆனால் வெயில் உறைக்காததற்கு அது போதாது. நேற்றும் மார்கழிதான், நேற்று ஒன்பது மணிக்குத் துணி காய்ந்தது.

எர்ணாவூர் தம்பி, உங்கள் மகள் சொன்னதும் சரி, உங்கள் தோல் சொன்னதும் சரி, மாமனார் சொன்னது கால்வாசி சரி. வெப்பமானியை எங்கே வைத்துக் கேட்கிறோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. தரையில் வைத்தால் ஒரு பதில் வரும், 300 மீட்டர் மேலே வைத்தால் வேறு பதில் வரும்.

வீட்டில் பெரியவர்கள் மை கூட்டிப் பார்த்திருப்பீர்கள். விளக்குச் சுடருக்கு மேல் தட்டைக் கவிழ்த்தால் கரி படியும். தட்டுக்குப் பதில் ஒரு கண்ணாடித் துண்டைப் பிடியுங்கள். மெல்லிசாகக் கரி படிந்ததும் ஆறவிட்டு, அந்தக் கண்ணாடியை வெயிலில் வைத்து, அதன் நிழலில் உங்கள் உள்ளங்கையை நீட்டுங்கள். கை குளிர்ச்சியாக இருக்கும். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடியைத் தொடுங்கள், சுடும். வெயில் எங்கும் தொலைந்து போகவில்லை. கைக்கு வர வேண்டியது கண்ணாடியிலேயே நின்றுவிட்டது, அவ்வளவுதான். நகரத்துக்கு மேலே கரிப்புகை செய்வதும் இதுவே. தரைக்கு வர வேண்டிய வெயிலை வழியில் மறித்து, தான் இருக்கும் காற்றடுக்கைச் சூடாக்குகிறது.

ஆனால் எல்லாப் புகையும் கருப்பு இல்லை. நிலக்கரியிலும் கப்பல் எண்ணெயிலும் உள்ள கந்தகம் காற்றில் சல்பேட் துகளாக மாறும். அது வெளிர் நிறம். வெயிலை உறிஞ்சாது, சிதறடிக்கும், ஒரு பகுதியை வானத்துக்கே திருப்பி அனுப்பும். அதனால் மேலேயும் சூடு ஏறாது, கீழேயும் வெயில் குறையும். டயர், குப்பை, டீசல் லாரி, விறகடுப்பு இவற்றில் கரி அதிகம். நம் வடசென்னைக் காற்றில் இரண்டும் கலந்து கிடக்கிறது.

இதை அளந்து காட்டியவர்களில் முக்கியமானவர் வீரபத்ரன் ராமநாதன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். 1999-இல் ஜனவரி முதல் மார்ச் வரை இந்தியப் பெருங்கடல் ஆய்வுத் திட்டம் ஒன்று பல நாட்டு விஞ்ஞானிகளோடு நடந்தது. மாலத்தீவுகளை மையமாக வைத்து விமானம், கப்பல், செயற்கைக்கோள் என எல்லாவற்றாலும் அளந்தார்கள். தெற்காசியாவிலிருந்து கிளம்பிய பழுப்பு மூட்டம் கடல்மேல் மூன்று கிலோமீட்டர் உயரம் வரை கிடந்தது. கடல்பரப்பில் விழும் வெயிலில் சுமார் 10 விழுக்காட்டை அது தடுத்தது தெரிந்தது. மாலத்தீவில் தொழிற்சாலை ஏது? அவ்வளவும் நம்மைப் போன்ற ஊர்களிலிருந்து வாடைக்காற்றில் போனது.

(இதே மனிதர்தான் 1975-இல், பழைய ஃப்ரிட்ஜில் இருந்த குளோரோஃப்ளோரோகார்பன் வாயுவும் பூமியைச் சூடாக்கும் என்று முதலில் கணக்குப் போட்டுச் சொன்னவர். சூடாக்குவதையும் இவர்தான் சொன்னார், நிழல் கட்டுவதையும் இவர்தான் சொன்னார். இன்றைய பஞ்சாயத்துக்கு இவரையே நாட்டாமையாக உட்கார வைக்கலாம்.)

---

எர்ணாவூர்க்காரன் | மதியம் 12:15

சார், கண்ணாடி உதாரணம் பிரமாதம். மகளிடம் படித்துக் காட்டினேன், உடனே விளக்கு எங்கே என்கிறாள். மாமனாருக்கு ஏன் கால்வாசி மட்டும்? அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

---

வியாசை வாத்தியார் | 12:31

பெரியவருக்கு வணக்கம். போர்வை வேலை நடப்பது உண்மை. அதைச் செய்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நீராவி போன்ற வாயுக்கள். கண்ணுக்குத் தெரியும் புகை அந்த வேலையில் சோம்பேறி. காரணம் அளவு. புகைத்துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், குறைவு. வெயில் ஒளியின் அலைநீளம் அரை மைக்ரான் வாக்கில் இருப்பதால் இரண்டும் முட்டிக்கொள்ளும். இரவில் தரையிலிருந்து மேலே போகும் வெப்பக்கதிரின் அலைநீளமோ 10 மைக்ரான் வாக்கில். கடல் அலை ஒரு மூங்கில் குச்சியைப் பொருட்படுத்துமா? அது மாதிரி தாண்டிப் போய்விடும்.

கால்வாசி மதிப்பெண் எதற்கென்றால், புகையோடு பனிமூட்டமும் சேர்ந்தால் கதை மாறும். புகைத்துகளைப் பிடித்துக்கொண்டுதான் நீர்த்துளி உருவாகிறது. துகள் நிறைய இருந்தால் சின்னச் சின்னத் துளிகள் நிறைய உருவாகும், மூட்டம் சீக்கிரம் கலையாது. அந்த நீர்த்துளிகள் இரவில் போர்வையாக வேலை செய்யும், விடிந்ததும் வெயிலையும் மறைக்கும். 2018 போகி அன்று மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திண்டாடியது இந்தக் கூட்டணியால்தான்.

---

கடல்பக்கம் | 12:58

நான் காசிமேட்டிலிருந்து தொழிலுக்குப் போகிறவன். நீங்கள் எல்லாம் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறீர்கள், நாங்கள் பக்கவாட்டில் பார்க்கிறோம்.

தை, மாசியில் விடிகாலை கரையிலிருந்து ஏழெட்டு கடல்மைல் தள்ளி நின்று மேற்கே திரும்பிப் பாருங்கள். ஊருக்கு மேல் பழுப்பாக ஒரு பட்டை கிடக்கும். அதன் மேல்விளிம்பு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். கோட்டுக்கு மேலே வானம் நீலம், கீழே டீத்தண்ணீர் நிறம். சிம்னிகள் அந்தக் கோட்டைப் பொத்துக்கொண்டு மேலே நிற்கும். நாங்கள் அதை அடையாளம் வைத்துத்தான் கரை பிடிப்போம், இப்போது ஜிபிஎஸ் வந்துவிட்டது, இருந்தாலும் கண் அங்கேதான் போகும்.

விடிகாலைக் கரைக்காற்றில் அந்தப் பட்டை மெதுவாகக் கடல்பக்கம் வழியும். சில நாள் படகிலேயே நாற்றம் அடிக்கும், குப்பை எரிந்தால் அது தனி நாற்றம். எட்டு, ஒன்பது மணிக்கு மேலே பார்த்தால் கோடு அழிந்துபோய், எல்லாம் கலங்கின மாதிரி ஆகிவிடும். அந்தக் கோடு என்னவென்று இத்தனை வருஷமாக யாரும் சொல்லவில்லை. வாத்தியாரே, நீங்கள் சொல்லுங்கள்.

---

பாய்லர்_ரிட்டயர்டு | 1:40

இதற்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். முப்பது வருடம் கொதிகலன் பக்கம் வேலை பார்த்து, சிம்னிப் புகையைப் பார்த்தே பொழுதைக் கழித்தவன்.

சாதாரணமாக மேலே போகப் போகக் காற்று குளிரும், சராசரியாகக் கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி. எங்கள் பெரிய சிம்னியின் உயரம் 275 மீட்டர். அந்தக் கணக்குப்படி அதன் உச்சியில் தரையைவிட இரண்டு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாகக் குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் மேகம் இல்லாத, காற்று அசையாத குளிர்கால இரவில் தரை தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிட்டுச் சில்லிட்டுப் போகும். தரையைத் தொடும் காற்றும் சில்லிடும். அதற்கு மேலே உள்ள காற்று அவ்வளவு குளிர்ந்திருக்காது. ஆக, கீழே குளிர், மேலே சூடு. இதைத்தான் இன்வெர்ஷன், வெப்பத் தலைகீழ் மாற்றம் என்பார்கள். குளிர்ந்த காற்று கனமானது, மேலே ஏறாது. அதில் சிக்கிய புகையும் ஏறாது. சட்டியில் மூடி போட்ட மாதிரி. கடல்பக்கம் தம்பி பார்க்கும் நேர்க்கோடு அந்த மூடியின் விளிம்புதான்.

சிம்னியை ஏன் அவ்வளவு உயரம் கட்டுகிறார்கள் என்பதற்கும் இதுதான் காரணம். 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அலகுக்கு 275 மீட்டர், 200 முதல் 500 வரை 220 மீட்டர் என்பது விதி. உச்சியில் வெளியேறும் புகையின் சூடு 120, 140 டிகிரி இருக்கும், அந்த வேகத்தில் இன்னும் மேலே ஏறும். பல இரவுகளில் மூடிக்கு மேலேயே போய் விழும். எர்ணாவூர் தம்பி காலையில் பார்த்தது இதுதான்: போகிப் புகை மூடிக்குக் கீழே, சிம்னித் தலை மூடிக்கு மேலே.

அதனால் விடிகாலையில் உங்கள் மூக்கில் ஏறியது சிம்னிப் புகை இல்லை. தெருவில் நாமே கொளுத்தியதும், எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள் விட்டதும்தான். சிம்னியை நியாயப்படுத்தவில்லை. அதன் முறை அப்புறம் வருகிறது.

சிம்னிப் புகையின் வடிவத்தைப் பார்த்தே மேலே காற்றின் வெப்பநிலை எப்படி இருக்கிறதென்று சொல்லிவிடலாம். எங்கள் பழைய ஷிப்ட் மேஸ்திரி ஒருவர் படிக்காதவர், ஆனால் புகையைப் பார்த்து "இன்னைக்குக் காத்து செத்துப் போச்சு" என்பார். புகை விசிறி மாதிரி தட்டையாக, மேலும் கீழும் அசையாமல் பல கிலோமீட்டர் நீண்டு போனால் இன்வெர்ஷனுக்குள் போகிறது என்று அர்த்தம். பாம்பு நெளிகிற மாதிரி ஏறி இறங்கிப் போனால் தரை நன்றாகச் சூடாகி, காற்று கொதிக்கிறது, நல்ல வெயில் நாள் மதியம் அப்படி இருக்கும். கூம்பு மாதிரி அழகாக விரிந்தால் மேகமூட்டமும் நல்ல காற்றும் உள்ள நாள். நாலாவது ஒன்று இருக்கிறது, அதுதான் மோசம். அதற்கு முன் சாப்பிட்டு வருகிறேன்.

---

பெசன்ட்நகர்_வாசி | 1:55

எங்கள் பக்கம் காலையில் நடைப்பயிற்சிக்குப் போக முடியவில்லை, ஒரே புகை.

---

சும்மா_சொல்றேன் | 1:57

ஒரு நாள் நடக்க முடியவில்லையா அண்ணே? இங்கே 365 நாளும் அப்படித்தான், வாருங்கள், சேர்ந்து நடக்கலாம்.

---

புதுநகர் அம்மா | 2:10

மணலி புதுநகரிலிருந்து எழுதுகிறேன். பாய்லர் சார், நீங்கள் சொன்ன நாலாவதைச் சீக்கிரம் சொல்லுங்கள், எனக்கு ஒரு சந்தேகம்.

சின்னவனுக்கு வீசிங் இருக்கிறது. டாக்டர் காலையில் பனியில் வெளியே விடாதே, வெயில் வந்த பிறகு விடு என்கிறார். நானும் எட்டரை வரை ஜன்னலைச் சாத்தி வைத்து, வெயில் வந்ததும் எல்லாவற்றையும் திறந்து விடுவேன். பார்த்தால் ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது, ஒரு மாதிரி தீக்குச்சி கிழித்த வாடை. பதினொன்றுக்கு மேல் சரியாகிவிடும். பக்கத்து வீட்டு அக்கா இது உன் பிரமை என்கிறார். மற்ற நாளிலும் இப்படித்தான், போகிக்கு மட்டும் இல்லை.

---

பாய்லர்_ரிட்டயர்டு | 3:05

அம்மா, பிரமை இல்லை. நீங்கள் சொல்வதுதான் நான் சொல்ல வந்த நாலாவது.

இரவெல்லாம் சிம்னிப் புகை மூடிக்குள்ளோ மூடிக்கு மேலேயோ தட்டையாகப் போய்க்கொண்டிருக்கும். தரையில் இருப்பவர்களுக்கு அதன் வாடையே தெரியாது. வெயில் ஏறியதும் தரை சூடாகி, தரையை ஒட்டிய காற்று மேலே கிளம்பும். அந்தக் கலங்கல் அடுக்கு முதலில் 50 மீட்டர், பிறகு 100, 200 என்று தடித்துக்கொண்டே போகும். எந்த நிமிடத்தில் அது தொங்கிக்கொண்டிருக்கும் புகையைத் தொடுகிறதோ, அந்த நிமிடத்தில் மேலே சேர்ந்திருந்த புகை அப்படியே கீழே இறங்கும். மேலே இன்னும் மூடி இருப்பதால் மேலே போக வழியில்லை, கீழேதான் வந்தாக வேண்டும். சாம்பிராணி போடுகிற மாதிரி ஊருக்கே புகை போட்டுவிடும். அரை மணியோ ஒரு மணியோ இருக்கும். பிறகு மூடி முழுக்க உடைந்து, புகை உயரப் போய்க் கலந்துவிடும்.

தை மாதத்தில் ஒன்பது மணிக்கு மேல் வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று பிடிக்கும். சிம்னிகள் உங்களுக்கு வடகிழக்கே. கணக்கு நேராக உங்கள் ஜன்னலில் வந்து முடிகிறது. தீக்குச்சி வாடை கந்தக டை ஆக்சைடு. டாக்டர் சொன்னது பனிக்குச் சரி. உங்கள் ஊருக்கு, பதினொன்று வரை ஜன்னலைச் சாத்தி வைப்பது நல்லது. மூச்சுக்கு என்ன செய்வது என்பதை டாக்டரிடமே இந்த நேரக் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள்.

---

புதுநகர் அம்மா | 3:12

நாலு வருஷமாக நானே திறந்து விட்டுக்கொண்டிருக்கிறேன்.

---

மாடிச்சூரியன் | 3:40

திருவொற்றியூரில் மாடியில் சோலார் போட்டிருக்கிறேன். வெயில் குறைகிறதா இல்லையா என்று என் மீட்டரைக் கேளுங்கள், அது பொய் சொல்லாது. மேகமே இல்லாத ஜனவரி நாளில், புகைமூட்டம் இருந்தால் காலை உற்பத்தி படுத்துவிடும்.

ஆனால் ஒன்று, மேலே மிதக்கும் புகையால் குறைகிறதா, பேனல்மேல் படிந்த சாம்பலால் குறைகிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இங்கே மூன்று நாள் துடைக்காவிட்டால் விரலால் பெயர் எழுதலாம். இரவுப் பனியில் அந்தச் சாம்பல் நனைந்து, காலையில் காய்ந்து, ஓரத்தில் சிமெண்ட் பால் மாதிரி பிடித்துக்கொள்ளும். சும்மா தண்ணீர் ஊற்றினால் போகாது. பழைய வேட்டியை நனைத்து ஊறவைத்துத்தான் எடுப்பேன், வெயில் ஏறுவதற்கு முன்பே. நேற்று சாயங்காலம்தான் சுத்தமாகத் துடைத்தேன். ஆகவே இன்று காலை குறைந்தது மேலே இருந்த புகையால்தான்.

---

சும்மா_சொல்றேன் | 4:05

இப்போது நிஜமாகவே கேட்கிறேன். புகை தரைக்கு நிழல் கட்டுகிறது, குளிர வைக்கிறது என்றால் மே மாதம் நமக்கு அது நல்லதுதானே? கத்திரி வெயிலில் ஒரு நிழல் கிடைத்தால் வேண்டாம் என்பேனா? 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி அடித்தது, எனக்கு ஞாபகம் இருக்கிறது, தார் ரோட்டில் செருப்பு ஒட்டியது.

---

வியாசை வாத்தியார் | 4:48

நல்ல கேள்வி, கிண்டலாகக் கேட்டாலும்.

முதலில், மே மாதம் அந்த நிழல் கெட்டியாக நிற்காது. மே மாத மதியம் தரை கொதிக்கும்போது உள்நாட்டில் காற்று ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரம் வரை கலங்கும். புகை அவ்வளவு உயரத்துக்கும் பரவி நீர்த்துப்போகும். மூட்டம் கெட்டியாக நிற்பது குளிர்காலக் காலையில், அதாவது நமக்கு நிழல் தேவைப்படாத நேரத்தில்.

இரண்டாவது, கரி கலந்த மூட்டம் தனக்குத் தானே மூடி போட்டுக்கொள்ளும். கீழே தரைக்கு வெயில் குறைகிறது, மேலே கரி அடுக்கு சூடாகிறது. கீழே குளிர், மேலே சூடு, பாய்லர் சார் சொன்ன அதே தலைகீழ். காலையில் உடைய வேண்டிய மூடி உடையாமல் தாமதமாகும். மூடி உடையாததால் புகை இன்னும் சேரும், சேர்ந்த புகை இன்னும் வெயிலை மறைக்கும். டெல்லியிலும் சீன நகரங்களிலும் நாள்கணக்கில் மூட்டம் நகராமல் உட்கார்ந்திருப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. நம்மைக் காப்பாற்றுவது கடல்காற்று. இங்கே மூடி பெரும்பாலும் பத்துப் பதினொன்றுக்குள் உடைந்துவிடுகிறது.

மூன்றாவது, இரவு. ஊர்ச்சூடு என்று நாம் புலம்புவது பெரும்பாலும் இரவுச்சூடுதான். கான்கிரீட்டும் தாரும் பகலெல்லாம் குடித்த சூட்டை இரவில் கக்குகின்றன, ஏசி பெட்டிகள் தெருவுக்கு ஊதுகின்றன, மரம் இல்லை. அதைப் புகை குறைக்கவே குறைக்காது. இரு நூறு வருடத்துக்கு முன்பே லண்டனில் லூக் ஹோவர்ட் என்பவர் நகரத்திலும் வெளியிலும் வெப்பமானி வைத்துப் பார்த்தார். நகரத்துக்குள் இரவில் சுமார் 2 டிகிரி செல்சியஸ் கூடுதல், பகலில் ஒரு துளி குறைவு. அன்றைய லண்டன் நிலக்கரிப் புகையில் மூழ்கிக் கிடந்த ஊர். நம் கதையேதான்.

உலகக் கணக்கில் சல்பேட் நிழல் உண்மையிலேயே பூமியைக் கொஞ்சம் குளிர வைத்திருக்கிறது. 1991-இல் பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ எரிமலை வெடித்து, கந்தகத் துகள் மேலடுக்குக்குப் போனபோது உலகச் சராசரி வெப்பநிலை அரை டிகிரி வாக்கில் இறங்கியது, ஒன்றிரண்டு வருடத்தில் பழையபடி ஏறிவிட்டது. மனிதர்கள் விடும் துகள்கள் 0 முதல் 0.8 டிகிரி வரை குளிர்வித்திருக்கலாம் என்று ஐநா காலநிலைக் குழுவின் 2021 அறிக்கை சொல்கிறது. ஆனால் நாம் விடும் புகை சில நாள், போனால் இரண்டு வாரம் காற்றில் இருக்கும், அதற்குள் மழையில் இறங்கிவிடும். அதே சிம்னியில் வந்த கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். நிழலை வாங்க வட்டிக்குக் கடன் வாங்கின மாதிரி.

---

கடல்பக்கம் | 5:20

கப்பல் எண்ணெய் என்றீர்களே வாத்தியாரே, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களின் புகை முன்பு மாதிரி இல்லை என்று எங்கள் பசங்கள் சொல்கிறார்கள். நிஜமா?

---

வியாசை வாத்தியார் | 5:34

2020 ஜனவரி 1 முதல் உலகம் முழுக்கக் கப்பல் எண்ணெயில் கந்தகம் 3.5 விழுக்காட்டிலிருந்து அரை விழுக்காட்டுக்குக் குறைந்தாக வேண்டும் என்று சட்டம். கந்தகத்தைப் பொறுத்தவரை உங்கள் பசங்கள் சொல்வது சரி. கரி வேறு கணக்கு.

---

பலூன்பையன் | மாலை 6:10

அந்த மூடியை எண்ணிலேயே பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வழி. வானிலை ஆய்வுத்துறை மீனம்பாக்கத்திலிருந்து தினமும் காலை 5:30, மாலை 5:30 கணக்குக்கு பலூன் விடுகிறது. அதில் கட்டிய சின்னப் பெட்டி வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் எல்லாவற்றையும் ரேடியோவில் அனுப்பிக்கொண்டே முப்பது கிலோமீட்டர் வாக்கில் ஏறி, பலூன் வெடித்ததும் எங்கேயாவது விழும். வரைபடம் இணையத்தில் இலவசம். காலை வரைபடத்தில் தரையை ஒட்டி வெப்பக்கோடு வலப்பக்கம் சாய்ந்து, பிறகு இடப்பக்கம் திரும்பினால் அந்த மூக்குதான் மூடி. மாலை வரைபடத்தில் பெரும்பாலும் மூக்கு காணாமல் போயிருக்கும்.

மீனம்பாக்கம் உள்ளே தள்ளி இருக்கிறது, எண்ணூர் கடலை ஒட்டி, கழிமுகத்தோடு இருக்கிறது. அதனால் மூக்கின் உயரம் அப்படியே பொருந்தாது. வடசென்னைக்கு என்று ஒரு பலூன் இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம். துகள் அளவுக்கு மணலி, கொடுங்கையூர், ராயபுரத்தில் தொடர்ந்து அளக்கும் நிலையங்கள் உண்டு, மணிக்கொருமுறை பார்க்கலாம். புதுநகர் அம்மா, மணலி நிலையத்தில் கந்தக டை ஆக்சைடு கோடு காலை எத்தனை மணிக்கு எழும்புகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டலாம்.

நுண்துகளுக்கு (செயலியில் PM2.5 என்று இருக்கும்) நம் நாட்டு வரம்பு ஒரு நாளுக்குக் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் 15 என்று இறக்கிவிட்டது. இரண்டையும் மனதில் வைத்துப் பாருங்கள், செயலியில் பச்சை, மஞ்சள் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்.

---

புதுநகர் அம்மா | 6:25

குறிக்கிறேன் தம்பி. கோடைக்கு என்ன கணக்கு? ஏப்ரலில் கடல்காற்று வந்தால் சுத்தம் என்று எல்லோரும் சொல்கிறார்களே?

---

பாய்லர்_ரிட்டயர்டு | 7:15

கடல்காற்று வந்தால் உடம்புக்குச் சுகம், அதில் சந்தேகம் இல்லை. மதியம் பன்னிரண்டு, ஒன்றுக்குள் வந்துவிட்டால் வெப்பநிலை ஏறுவது நின்றுவிடும். மேற்கே இருந்து கச்சான் காற்று அதை அமுக்கிவிட்ட நாளில்தான் நாற்பதைத் தாண்டும்.

ஆனால் புகை விஷயத்தில் அதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. கடலிலிருந்து வரும் காற்று குளிர்ந்தது, அடுக்கு அடுக்காக அமைதியாக வரும். கரையில் கால் வைத்ததும் சூடான தரை அதை அடியிலிருந்து கலக்க ஆரம்பிக்கும். கரை ஓரத்தில் கலங்கும் அடுக்கு மெல்லிசு, உள்ளே போகப் போகத் தடிக்கும். கரையோரச் சிம்னியின் புகை மேலே அமைதியான காற்றில் நேராக மிதந்து போகும். சில கிலோமீட்டர் தள்ளி அந்தக் கலங்கல் அடுக்கு புகை உயரத்தைத் தொடும்போது கீழே இழுத்துவிடும். சிம்னி நிழலில் இருப்பவன் தப்பிப்பான், தள்ளி இருப்பவன் மாட்டுவான். காற்று தென்கிழக்கிலிருந்து அடித்தால் மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம். காலையில் வரும் புகைபோடுதல் ஒரு மணி நேரத்தில் முடியும், இது வெயில் இருக்கும் வரை பல மணி நேரம் நிற்கும்.

எர்ணாவூர் தம்பி, நாளைக் காலை மேகம் இல்லாவிட்டால் ஏழு மணிக்கும் ஒன்பதேகாலுக்கும் மகளை மாடிக்குக் கூட்டிப்போய் சிம்னியைக் காட்டுங்கள். நான் எழுதியதைவிட அது தெளிவாகச் சொல்லும்.

---

எர்ணாவூர்க்காரன் | ஜனவரி 15, காலை 10:40

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

ஏழு மணிக்குப் பார்த்தோம். தெருவில் நேற்றைய சாம்பல் மட்டும், மூட்டம் பாதிகூட இல்லை. சிம்னிப் புகை கடல்பக்கமாகத் தட்டையாக, இஸ்திரி போட்ட மாதிரி போயிற்று. மகள் "மேஸ்திரி தாத்தா சொன்ன செத்த காத்து" என்றாள். ஒன்பதேகாலுக்குப் பால் பொங்குகிற களேபரத்தில் மறந்தே போனேன், அவள்தான் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். புகை திரும்பி தென்மேற்கே சாய்ந்திருந்தது. மேல்பக்கம் இன்னும் நேராக இருந்தது, அடிப்பக்கம் மட்டும் கிழிந்த திரைச்சீலை மாதிரி கீழே தொங்க ஆரம்பித்திருந்தது.

கண்ணாடி சோதனையும் ஆயிற்று. கரி அதிகம் அப்பிவிட்டதால் முதல் துண்டு விரிசல் விட்டது, இரண்டாவது சரியாக வந்தது. மாமனார் முதலில் நிழலில் கையை நீட்டி "ஆமாம், குளுகுளுன்னு இருக்கு" என்றார், அப்புறம் கண்ணாடியைத் தொட்டுவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டார். போர்வை பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

புதுநகர் அம்மா, அந்தத் தொங்கலைப் பார்த்தபோது மணி 9:20. புகை உங்கள் திசையில்தான் போனது. சாத்தி வைத்தீர்களா?

---

புதுநகர் அம்மா | 10:52

சாத்தித்தான் இருக்கிறது. பொங்கல் பானையைக்கூட இந்தத் தடவை வாசலில் வைக்காமல் சமையலறையில் ஏற்றிவிட்டேன். சின்னவன் ஏன் என்று கேட்டான், பதினொன்று அடிக்கட்டும், வெளியே போகலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இன்னும் எட்டு நிமிடம்.